ஆய்வு நெறிமுறைக்கு ஒரு பொது வார்ப்புரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மருந்துப் பரிசோதனை ஆய்வுகளைப் பற்றி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். ஆய்வு நெறிமுறை, அதாவது வைத்தியசாலைகளில் புரோட்டோகோல் என்று சொல்லப்படும் ஆவணம், எப்படி எழுதப்பட வேண்டும், அதற்கு எல்லோருக்கும் பொதுவான வார்ப்புரு ஒன்று வேண்டுமா என்பதே பெரும்பாலான கடிதங்களின் கேள்வியாக இருந்தது. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒவ்வொரு நோயும் வேறு, ஒவ்வொரு மருந்தும் வேறு. அப்படியிருக்க எல்லா ஆய்வுகளுக்கும் ஒரே வார்ப்புருவில் நெறிமுறை எழுதச் சொல்வது ஏன்? நாங்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள் இப்போதே அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன.
– ஹட்டனிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்

படிவங்களின் சுமை பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நெறிமுறையை இன்னொரு படிவமாகக் கருதிவிடக் கூடாது. யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்கமாட்டோம், எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்போம், எதை எப்போது எப்படி அளப்போம், எத்தனை பேர் தேவை, யாருக்காவது தீங்கு நேர்ந்தால் என்ன செய்வோம், ஈற்றில் கணக்கை எந்த முறையில் போடுவோம் என்பவற்றையெல்லாம், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னரே எழுதி வைத்துக் கட்டுப்படுவதற்கான ஆவணம் அது.

முன்கூட்டியே தெளிவாக எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. டென்மார்க்கில் ஒழுக்கநெறிக் குழுக்களின் அனுமதி பெற்று நடந்த 102 ஆய்வுகளின் நெறிமுறைகளை, அவற்றின் முடிவுகள் சஞ்சிகைகளில் வெளியானபோது எழுதப்பட்ட கட்டுரைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, 2004 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அவற்றுள் 62 சதவீதமான ஆய்வுகளில் முதன்மை விளைவாக, அதாவது ஆய்வு முக்கியமாக அளந்து விடை சொல்ல வேண்டிய விடயமாக, அறிவிக்கப்பட்டிருந்தவற்றில் ஒன்றாவது மாற்றப்பட்டோ, புதிதாகச் சேர்க்கப்பட்டோ, விடப்பட்டோ இருந்தது. விடை தெரிந்த பின்னர் கேள்வியை மாற்றிக்கொள்ள இடமிருக்குமானால், அந்த விடையை நம்பி ஒரு நோயாளிக்கு மருந்து எழுதுவது எப்படி?

நோய்கள் வேறுபடலாம். ஆனால் எந்த நோய்க்கான ஆய்விலும் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை ஒரே வரிசையில், ஒரே தலைப்புகளின் கீழ் வைப்பதால் முதலில் நன்மை பெறுபவர் நீங்கள்தான். இரவுக் கடமையில் இருக்கும்போது ஆய்விலுள்ள ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்துச் சொறி வந்துவிட்டால், மருந்தை நிறுத்துவதா, யாரை அழைப்பது என்பது நூறு பக்க ஆவணத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. எல்லா ஆய்வுகளிலும் அது ஒரே இடத்தில் இருக்குமானால் கை தானாகவே அந்தப் பக்கத்தைப் புரட்டும்.

ஸ்பிரிட், ஐ.சி.எச். எம்11, அமெரிக்காவின் என்.ஐ.எச். வார்ப்புரு என்று பலவற்றைச் சொல்கிறார்கள். பட்டப்பின் படிப்புக்காகத் தனியொருவராக ஆய்வு செய்பவர் இவற்றுள் எதை எடுப்பது?
– பேராதனையிலிருந்து ஒரு மாணவர்

மூன்றும் ஒரே வகையானவை அல்ல. ஸ்பிரிட் ஒரு சரிபார்ப்புப் பட்டியல். 2013 இல் 33 அம்சங்களோடு வெளியாகி, 2025 இல் புதுப்பிக்கப்பட்டு இப்போது 34 அம்சங்களைக் கொண்டிருக்கிறது. ஒரு நெறிமுறையில் எவை இருந்தே ஆக வேண்டும் என்பதை அது சொல்லும்; வாக்கியங்களை எழுதித் தராது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகமும் (என்.ஐ.எச்.) உணவு, மருந்து நிர்வாகமும் சேர்ந்து 2017 இல் வெளியிட்ட வார்ப்புரு, மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் இரண்டாம், மூன்றாம் கட்ட ஆய்வுகளுக்கானது. அதில் தலைப்புகளோடு விளக்கக் குறிப்புகளும் மாதிரி வாக்கியங்களும் உண்டு. ஐ.சி.எச். என்பது மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் சர்வதேச சபை; அதன் எம்11 வழிகாட்டல், பல நாடுகளின் ஒழுங்குபடுத்தல் அமைப்புகளும் மருந்து நிறுவனங்களும் ஒரே வடிவத்தில் நெறிமுறைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது. அதன் வரைவு 2022 இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. தலைப்புகளின் வரிசையை மாற்றாமல் வைத்திருப்பதும், கணினி படித்துணரக்கூடிய வடிவத்தில் தகவல்களைப் பிரித்து வைப்பதும் அதன் சிறப்பு.

நீங்கள் தனியொருவர் என்பதால், தலைப்புகளின் வரிசையை எம்11 இலிருந்து எடுத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் ஸ்பிரிட் 2025 பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் அம்சமும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். குறிக்க முடியாத இடம்தான் நீங்கள் இன்னும் யோசிக்காத இடம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூத்தவர் ஒருவரின் பழைய நெறிமுறையைத் திறந்து, மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இதயநோய் ஆய்வில் பொருத்தமாக இருந்த விலக்கல் நிபந்தனை, காரணமே இல்லாமல் இரும்புச்சத்து ஆய்வுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் சேரத் தகுதியுள்ள வயதான பெண்களே வெளியே நிறுத்தப்படுவார்கள். வார்ப்புரு என்று நான் சொல்வது அத்தகைய பிரதியை அல்ல.

எங்கள் மாவட்டத்து வைத்தியசாலைகளில் பணிபுரியும் சிலர் சேர்ந்து, சிறிய ஆய்வுகளுக்கென ஒரு பொது வார்ப்புருவை உருவாக்க முயல்கிறோம். முதலில் எடுத்திருப்பது தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் முறை பற்றிய ஆய்வு. வார்ப்புருவில் எதை இறுக்கமாக வைப்பது, எதைத் திறந்து விடுவது?
– நுவரெலியாவிலிருந்து ஒரு வைத்தியர்

உங்கள் முயற்சி மிகவும் மகிழ்ச்சி தருகிறது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நல்ல வார்ப்புருவில் நான்கு வகையான எழுத்து இருக்கும்: எந்த ஆய்விலும் மாற்றக்கூடாத வாக்கியங்கள், இரண்டு மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய வாக்கியங்கள், ஆய்வாளர் தாமே நிரப்ப வேண்டிய வெற்றிடங்கள், எழுதி முடித்ததும் அழித்துவிட வேண்டிய வழிகாட்டல் குறிப்புகள். இவை கண்ணுக்குப் பிரிந்து தெரியும்படி வெவ்வேறு நிறத்திலோ எழுத்து வடிவத்திலோ இருக்கட்டும். பாதகமான நிகழ்வு என்றால் என்ன, பாரதூரமான நிகழ்வு என்றால் என்ன, பங்குபற்றுபவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பது, தகவல்களின் இரகசியம் போன்றவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஒவ்வொருவரும் தம் சொந்த நடையில் எழுதத் தேவையில்லை. இவை பற்றி நீங்கள் அதிகம் விவாதிக்கவும் வேண்டியதில்லை.

உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் மூன்றாம் வகை. ஆய்வாளர் அங்கே ஒரு முடிவை எடுத்தே ஆகும்படி வெற்றிடத்தை அமைக்க வேண்டும். ‘முதன்மை விளைவு’ என்று ஒரு வரியை மட்டும் விட்டால், ‘இரத்தச்சோகை குறைதல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியை நான்காகப் பிரியுங்கள்: எதை அளக்கிறோம், அந்த அளவை எப்படிப் பயன்படுத்துகிறோம், ஒரு குழுவின் விளைவை எப்படித் தொகுக்கிறோம், எந்தக் காலப் புள்ளியில். நம் நாட்டில் உயர் இரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 700 பேரைக் கொண்டு நகர வைத்தியசாலைகளில் நடந்து, 2018 இல் வெளியான ஆய்வு அது. ஆறாவது மாதத்தில் இரத்த அழுத்தம் 140/90 இற்குக் கீழே, நீரிழிவோ நாட்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு 130/80 இற்குக் கீழே வந்தவர்களின் வீதம் என்று அதன் முதன்மை விளைவு வரையறுக்கப்பட்டிருந்தது. கூட்டு மாத்திரை பெற்றவர்களில் சுமார் 70 சதவீதமானோரும், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 55 சதவீதமானோரும் அந்த இலக்கை எட்டினார்கள். இலக்கு முன்னரே அவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருந்ததனால்தான் இந்த இரண்டு எண்களுக்கும் பொருள் இருக்கிறது.

இனி உங்கள் ஆய்வுக்கு வருவோம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு இரத்தச்சோகை என்பதற்கான ஹீமோகுளோபின் எல்லை லீற்றருக்கு 120 கிராம். ஆனால் உயரமான இடங்களில் வாழ்பவர்களின் உடல் இயல்பாகவே அதிக ஹீமோகுளோபினை உருவாக்குவதால், உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கேற்ப இந்த எல்லையைத் திருத்தச் சொல்கிறது. அதன் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1499 மீற்றர் வரை உள்ள இடங்களுக்கு 8 கிராமும், 1500 முதல் 1999 மீற்றர் வரை உள்ள இடங்களுக்கு 11 கிராமும் திருத்தம் செய்ய வேண்டும். நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே எல்லை 131 ஆகிறது. 1000 முதல் 1499 மீற்றர் வரம்புக்குள் இருக்கும் ஹட்டனில் 128. ஹீமோகுளோபின் 125 உள்ள ஒரு பெண், சமவெளியில் எழுதப்பட்ட நெறிமுறையின்படி ஆரோக்கியமானவர். உங்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுத்தால் இரத்தச்சோகை உள்ளவர். கொழும்பிலோ வெளிநாட்டிலோ உருவான வார்ப்புரு எதிலும் ‘ஆய்வு நடக்கும் இடத்தின் உயரம்’ என்ற வெற்றிடம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்கள்தான் அதைச் சேர்க்க வேண்டும். அதோடு, திருத்தத்தை ஒவ்வொருவரும் குடியிருக்கும் லயத்தின் உயரத்தைக் கொண்டு செய்வதா, வைத்தியசாலையின் உயரத்தைக் கொண்டு செய்வதா என்பதையும் கேளுங்கள். ஒரே மாவட்டத்துக்குள் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீற்றர் வித்தியாசம் இருக்கிறது.

‘உடன் உட்கொள்ளும் உணவும் மருந்தும்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேறு மாத்திரைகளின் பெயர்களை எழுதிவிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். தேநீரிலுள்ள சேர்மங்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. காலையில் வெறும் வயிற்றில் பிளேன்டீ, வேலைக்கு நடுவே இன்னொன்று, மாலையில் மற்றொன்று என்று வாழும் மக்களிடையே, மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும், அதை யார் எப்படிக் கேட்டுப் பதிவது என்று நெறிமுறை சொல்லாவிட்டால், மாத்திரை வேலை செய்யவில்லை என்ற பிழையான முடிவுக்கு நீங்கள் வரக்கூடும்.

அடுத்தது வருகை அட்டவணை. எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்று காட்டும் இந்த ஒற்றைப் பக்கத்தைத்தான் ஆய்வில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஆகவே அதை வார்ப்புருவின் முன்பகுதியில் வையுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் முன்பின் எத்தனை நாட்கள் தளர்வு உண்டு என்ற நிரல் கட்டாயமாக இருக்கட்டும். தென்மேற்குப் பருவமழையில் மண்சரிவு வந்து மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துப் பாதைகள் மூடப்படுவதும், கொழுந்து மிகுந்த மாதங்களில் ஒரு நாள் வேலையை விடுவது குடும்பத்துக்குப் பெரிய இழப்பாவதும் உங்களுக்குத் தெரிந்த விடயங்கள். இரண்டு நாள் தளர்வோடு எழுதப்பட்ட அட்டவணை அங்கே பாதி வருகைகளை ‘நெறிமுறை மீறல்’ ஆக்கிவிடும். தவறு அந்தப் பெண்களுடையது அல்ல, அட்டவணையுடையது.

இன்னொரு பகுதியைப் புதிதாகச் சேர்க்கச் சொல்வேன். ஆய்வின் நடுவே ஒருவர் குமட்டல் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிடலாம். கர்ப்பமாகிக் கிளினிக்கில் வேறு இரும்புச்சத்து பெறத் தொடங்கலாம். வீட்டுவேலைக்காகக் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடலாம். இப்படிப்பட்டவர்களின் தரவைக் கணக்கில் எப்படி நடத்துவது என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானிக்க வேண்டும் என்று 2019 இல் வெளியான ஐ.சி.எச். இ9 வழிகாட்டலின் பிற்சேர்க்கை சொல்கிறது. உங்கள் பகுதியில் அடிக்கடி நேரக்கூடிய இத்தகைய நிகழ்வுகளின் பட்டியலை வார்ப்புருவிலேயே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிவை எழுத இடம் விடுங்கள்.

வரைவு தயாரானதும் அதை இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்து, ஒரே ஆய்வுக்கான நெறிமுறையை எழுதச் சொல்லிப் பாருங்கள். இருவரும் எங்கே வெவ்வேறாக விளங்கிக்கொண்டார்களோ அங்கே வழிகாட்டல் குறிப்பு போதவில்லை. பதிப்பு எண்ணையும் திகதியையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடுங்கள். ஒரு வைத்தியசாலையில் பழைய பதிப்பும் இன்னொன்றில் புதிய பதிப்பும் பாவனையில் இருப்பது, பல இடங்களில் நடக்கும் ஆய்வுகளைக் கெடுக்கும் பெரும் குறை.

என் அம்மா கொழுந்து எடுப்பவர். சில மாதங்களுக்கு முன் ஏதோ ஓர் ஆய்வுக்கென்று தோட்டத்து மருந்தகத்தில் கையொப்பம் வாங்கினார்கள். என்ன என்று வாசித்துக் காட்டவில்லை, பிரதியும் தரவில்லை. கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றதால் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் சொல்லும் வார்ப்புரு இதைத் தடுக்குமா?
– மஸ்கெலியாவிலிருந்து ஓர் உயர்தர மாணவி

அன்பு மகளே, உன் அம்மாவுக்கு நேர்ந்தது சரியல்ல என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பங்குபற்றுபவர் ஒருவர், சம்மதம் கேட்பவருக்கோ அவரைச் சேர்ந்தவர்களுக்கோ கட்டுப்பட்ட நிலையில் இருந்தால், அந்த உறவுக்குச் சம்பந்தமில்லாத தகுதியான வேறொருவரே சம்மதத்தைப் பெற வேண்டும் என்று, மனிதர்களிடம் செய்யப்படும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக ஒழுக்கநெறி ஆவணமான ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்கிறது. வாசிக்க முடியாத ஒருவரிடம் சம்மதம் பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலையான சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. சம்மதப் படிவத்தின் பிரதி ஒன்று கையில் கொடுக்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கின்றன. இருந்தும் இப்படி நடப்பதற்கு ஒரு காரணம், நெறிமுறைகளில் ‘எழுத்துமூலச் சம்மதம் பெறப்படும்’ என்ற ஒரே வாக்கியத்தோடு இந்தப் பகுதி முடிந்துவிடுவது. நல்ல வார்ப்புரு அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது. சம்மதத்தைக் கேட்பவர் யார், எந்த மொழியில், எந்த இடத்தில், தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர் எவரும் அங்கே இருக்கமாட்டார் என்பதை எப்படி உறுதிப்படுத்துவார்கள், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க எவ்வளவு அவகாசம், சாட்சி யார், வருகைக்காக இழக்கும் நாட்சம்பளத்தை யார் ஈடுசெய்வது என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் சம்மதம் கேட்கக் கூடாது என்று மலையகத்துக்கான வார்ப்புருவில் மாற்ற முடியாத வாக்கியமாகவே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேர் போடுபவர் முன்னால் நின்று சொல்லப்படும் ‘ஆம்’ சம்மதம் ஆகாது.

வார்ப்புரு தன்னால் எதையும் தடுத்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் முடிவுகள் எழுத்தில் இருந்தால், ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கவும், பின்னர் நேரில் வந்து சரிபார்க்கவும் முடியும். உன் அம்மா இப்போது செய்யக்கூடியதும் உண்டு. தகவல் தாளின் பிரதியை அவர் கேட்கலாம். அதில் அனுமதி வழங்கிய ஒழுக்கநெறிக் குழுவின் தொடர்பு விபரம் இருக்க வேண்டும்; நடந்ததை அந்தக் குழுவுக்கு நீயே கடிதமாக எழுதலாம். ஆய்விலிருந்து விலக விரும்பினால் விலகலாம். அதற்காக மருந்தகத்திலோ வைத்தியசாலையிலோ அவருக்குக் கிடைக்கும் வழமையான சிகிச்சையை யாரும் குறைக்க முடியாது.

ஓர் ஆய்வு முறையாகப் பதியப்பட்டதா என்று பொதுமக்கள் பார்க்க முடியுமா? பதிவில் இருப்பதும் நெறிமுறையும் ஒன்றா?
– பதுளையிலிருந்து ஒரு வாசகர்

பார்க்கலாம். இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2006 இலிருந்து இயங்கி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடுகளுள் அதுவும் ஒன்று. யாரும் கட்டணமின்றித் தேடலாம். பதிவில் இருப்பது நெறிமுறையின் சாரம் மட்டுமே. நெறிமுறையும் பதிவும் வெவ்வேறு கைகளால் வெவ்வேறு காலத்தில் எழுதப்படும்போது இரண்டுக்கும் இடையே முரண்பாடு வந்துவிடுகிறது. ஆகவே பதிவேடு கேட்கும் தகவல்களை அதே ஒழுங்கில் வார்ப்புருவின் முதற் பக்கச் சுருக்கத்தில் வைத்துவிட்டால், அங்கிருந்து அப்படியே எடுத்துப் பதியலாம். பதிவு வேறு, அனுமதி வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மருந்துகள் தொடர்பான ஆய்வுகளுக்கு, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் பொறுப்பு உண்டு.

இத்தகைய வார்ப்புருவை உருவாக்கும் மேசையில் எங்களைப் போன்ற சாதாரண மக்களுக்கு இடமுண்டா, அல்லது அது வைத்தியர்களின் வேலை மட்டும்தானா?
– பண்டாரவளையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

இடமுண்டு, ஐயா. ஆய்வை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் நோயாளிகளும் பொதுமக்களும் எவ்வாறு பங்குகொள்வார்கள் என்பதை நெறிமுறையில் எழுத வேண்டும் என்று 2025 ஆம் ஆண்டின் ஸ்பிரிட் பட்டியல் புதிதாக ஓர் அம்சத்தைச் சேர்த்திருக்கிறது. இது வெறும் மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டது அல்ல.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மேலே குறிப்பிட்ட இரத்த அழுத்த ஆய்வின் கூட்டு மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்றும் இருந்தது. அதே மாத்திரையை மலைத் தோட்டங்களில் ஆய்வு செய்ய ஒரு குழு முன்வந்து, ‘தினமும் காலையில் ஒன்று’ என்று நெறிமுறையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அறையில் இருக்கும் எந்த வைத்தியருக்கும் அதில் பிழை தெரியாது. கொழுந்து எடுக்கும் ஒரு பெண் அங்கே இருந்தால் உடனே கேட்பார்: மலையில் கழிப்பறை எங்கே இருக்கிறது? வேலை நாளில் அந்த மாத்திரையை விழுங்காமல் விட்டுவிடுவார்கள், அல்லது அதை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். முன்னையது ஆய்வைக் கெடுக்கும், பின்னையது அவர்களின் உடம்பைக் கெடுக்கும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா, மருந்தின் தன்மை அதற்கு இடம் தருமா என்ற கேள்வி, முதல் பெட்டி மாத்திரை வந்திறங்குவதற்கு முன்னரே எழ வேண்டியது.

ஆகவே நுவரெலியா வைத்தியர் குழுவுக்கு இந்தப் பக்கத்தின் ஊடாகவே ஒரு வேண்டுகோள். தோட்டத் தொழிலாளர்கள் சிலரையும், குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரையும், உங்கள் ஊர்ப் பாடசாலையில் படிப்பித்தவர் ஒருவரையும் அழையுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், பஸ் செலவைக் கொடுங்கள், தமிழிலேயே பேசுங்கள். வரைவு ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போன பிறகு கூப்பிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அப்போது மறு அனுமதி வேண்டியிருக்கும். வருகை அட்டவணையும் சம்மதப் பகுதியும் இன்னும் பென்சிலில் இருக்கும்போதே அவர்களிடம் காட்டுங்கள்.